காற்றுக்கு எதிரே திரும்பிய வாணம்

மக்கா,

உலகம் அழியப்போகுது என்று எல்லாரும் சொல்லி, அழியாமல் போன வருஷம் அது. கன்னியாகுமரியில் கடலுக்குள்ளே வள்ளுவர் சிலையைத் திறந்து வைத்து, பார்க்கப் போன நெரிசலில் உன் அத்தை ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியதும் அந்த வருஷம்தான். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ கேட்பாரில்லாமல் கிடந்து மாட்டுக்கு அள்ளிப் போட்டார்கள். நம் தெருவில் முதன்முதலாக ஒரு வீட்டில் டெலிபோன் மணி அடித்து, செத்தது யாரு என்று கேட்டுக்கொண்டு பாதி ஊர் ஓடியதும் அப்போதுதான். எனக்கு எழுத்து கிடையாது, வருஷத்தை எண்ணாகச் சொல்ல வராது. இப்படி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டி வைத்தால்தான் மனசில் நிற்கும். கட்டினது எதுவும் இன்றுவரை அவிழ்ந்ததில்லை. அந்த வருஷத்து அம்மன் கோயில் ஆடிக் கொடையின்போது நீ உன் அம்மை வயிற்றில் ஏழு மாசம்.

நான் சொல்லச் சொல்ல உன் அம்மைதான் எழுதுகிறாள். எட்டாம் வகுப்பு படித்த கை. நடுநடுவே எனக்குப் பிடிக்காத எதையாவது அவள் சேர்த்தால் அது அவள் பாடு. பேனாவைப் பிடுங்க என்னால் முடியாது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போனில் கூப்பிட்டாய். "அப்பா, என் ராக்கெட்டு நேரா போச்சு" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. வேலை இடத்தில் சின்ன ராக்கெட்டு விட்டுப் பார்க்கிற மைதானத்தில் ஓடிக்கொண்டே பேசினாயோ என்னவோ. வாலிலே இருக்கிற செறகை நீ சின்னதாக்கச் சொன்னாயாம். கூட இருந்த பெரிய படிப்புக்காரர்கள் சிரித்தார்களாம். செறகு பெரிசா இருந்தால்தானே ஆடாமல் போகும், இந்தப் பிள்ளை குறைக்கச் சொல்லுதே என்றார்களாம். அன்றைக்கு அங்கே நல்ல காற்று. போன தடவை பெரிய செறகோடு போனது கிளம்பின உடனே காற்றடித்த பக்கமே தலையைத் திருப்பி ஓடிவிட்டதாம். இந்தத் தடவை நீ சொன்னபடி போட்டார்கள், நூல் பிடித்த மாதிரி போய்விட்டது. இதையெல்லாம் நீ எனக்குப் புரியுமோ புரியாதோ என்று பைய பைய விளக்கிச் சொன்னாய். மக்கா, நீ பாதி சொல்லும்போதே நான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன். போனை அம்மை கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய், இருந்த அத்தனை பேருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்து, "எம்மவ வாலைக் குறைச்சிட்டா" என்று சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கிழவனுக்குப் புத்தி பேதலித்தாச்சு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று நீயும் அம்மையிடம் கேட்டாயாம். போனில் சொல்லி முடிகிற காரியமில்லை. அடுத்த மாசம் நீ வடக்கே பெரிய ராக்கெட்டு விடுகிற இடத்துக்கு மாற்றலாகிப் போகுமுன்னே உன் கையில் இது இருக்கட்டும்.

உன் அப்பன் பூந்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவன் என்றுதான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னே இருபது வருஷம் நான் வெடிக்கெட்டுக்காரன். கோயில் கொடைக்கும் மாதா பள்ளித் திருநாளுக்கும் வெடியும் வாணமும் விடுகிற கூட்டத்தில் ஆறு பேரில் ஒருத்தன். மருந்து கலக்குகிறவர் ஆசான். மருந்தை இடித்து இறுக்குகிறவர்கள் ஒரு அண்ணனும் தம்பியும். காகிதக் குழல் சுருட்ட ஒரு ஆள். வாணத்தை இறக்கி விடுகிற குழாயை மண்ணில் நட்டுத் தீ வைக்கிறவன் கோலப்பன். நான் வால். கமுகு மரத்தைப் பிளந்த வாரியைச் சீவி, வெயிலில் போட்டு, வளையாததைப் பொறுக்கி, ஒவ்வொரு வாணத்துக்கும் வால் கட்டுவது என் வேலை. அதனால் ஊரில் எனக்கு வாலு என்றே பேர். "ஏலே வாலு, நீ இல்லன்னா வாணம் பறக்காதோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆசானும் சொல்வார்: "மருந்துதான்டே பறக்குகு. வாலு சும்மா கூடப் போவுகு, கல்யாணத்துல மாப்பிள்ளைக்க தோழன் மாதிரி."

சும்மா போகவில்லை என்பது எனக்குக் கைக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில், வாரி மிச்சம் பிடிப்போம் என்று ஒரு வாணத்துக்கு நாலு விரல் வாலைக் குறைத்துக் கட்டினேன். அது எழும்பி ஆகாசத்தில் மூணு கரணம் அடித்து, நேராக வந்து கோயில் பாயச உருளியில் விழுந்தது. அன்றைக்குப் பாயசம் குடித்தவர்கள் ஒருவாடு நாள், மாசக்கணக்காக, என்னை ஏசினார்கள். வால் குறைந்தால் வாணத்துக்குத் தலை எது கால் எது என்று தெரியாது. கட்டி முடித்ததை ஒரு விரலில் குறுக்கே வைத்து நிறை பார்ப்பேன். குழலின் வாய்க்குக் கீழே இரண்டு விரல் தள்ளி அது ஆடாமல் நின்றால் சரி. அளவுகோல் பிடிக்கத் தெரியாது, ஆனால் அந்த விரல் ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம். அம்மன் கொடையில் உச்சி நேரத்தில் நேர்ச்சை வாணம் விடுவது உண்டு. வீட்டுக்கு ஒன்று. பூ விளைகிற ஊர் இல்லையா, நேர்ந்தவர்கள் வாணத்து வாலில் ஒரு முழம் பூ கட்டிக் கொடுப்பார்கள், அம்மன் தலைக்கு மேலே பூ போகிறது என்று. ஒரு முழம் இருந்த காலத்தில் ஒன்றுமில்லை. பிறகு ஒருத்தர் இரண்டு முழம் கட்டினார். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, மூணு கட்டினார். கடைசியில் ஊர் முதலடி வீட்டு வாணத்துக்கு ஒன்பது முழம் பிச்சியும் அரளியும் கட்டி, வாணத்தைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு ஆள் வேணும் என்ற நிலைமை. முதலடி என்றால் ஊருக்குத் தலைமை. அவர் நேர்ச்சைதான் முதலில் எழும்ப வேண்டும். அது எழும்பும்போதே கிழவன் படியேறுகிற மாதிரி முனங்கிக்கொண்டு எழும்பும்.

ஆடி மாசக் காற்று உனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வந்து கூரை ஓட்டைப் பெயர்க்கும். அந்தக் காற்றில் வாணம் எந்தப் பக்கம் போகும் என்று யாரைக் கேட்டாலும் கிழக்கே என்பார்கள். காகிதம் கிழக்கே போகிறது, புகை கிழக்கே போகிறது, அப்படியென்றால் வாணமும் கிழக்கே. அதனால் கிழக்கே ஆளை ஒதுக்கிவிட்டு, மேற்கே பந்தல் போட்டுப் பெண்களை உட்கார வைப்பார்கள். தீ வைக்கிற கோலப்பனும் மேற்கே நகர்ந்துதான் நிற்பான்.

உலகம் அழியாத வருஷத்துக்கு முந்தின வருஷம், முதலடியின் வாணம் குழாயை விட்டு முனங்கி எழும்பி, இரண்டு ஆள் உயரத்தில் தலையை மேற்கே சாய்த்தது. கோலப்பன் மேற்கேதான் நின்றான். முகத்துக்கு நேராக வெடித்தது. இடது கண் போனது. உனக்குச் சின்னதிலேயே சொல்லி வைத்திருக்கிறோம், கோலப்பன் மாமாவுக்குச் சுண்ணாம்பு தெறித்துக் கண் போனது என்று. அது பொய், மக்கா. சொன்னவன் நான்.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆசான் எழும்பி, "குழாயைச் சரிச்சு நட்டுட்டான். அவன் சரிச்ச பக்கம் வாணம் போச்சு, வேற என்ன" என்றார். அம்மனுக்கு நேர்ந்ததைப் பாழாக்கினவன், இனிமேல் கோயில் தீயைத் தொடக்கூடாது, கொடை நாளில் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்று தீர்த்தார்கள். அன்றைக்குக் காலையில் அந்த வாணத்தை நான் விரலில் வைத்துப் பார்த்திருந்தேன். பூ கட்டின பிறகு நிறை ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்தது. வாலு சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பூ கட்டின முதலடியின் முகத்தில் விழிக்க வேண்டும், வால் கட்டின என்னையும் விடமாட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். கோலப்பன் என்னைத்தான் பார்த்தான், ஒற்றைக் கண்ணால். நான் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த கமுகுச் சிம்பைப் பொறுக்கினேன். ஒரு வருஷம் முழுக்க அவன் என் வீட்டைக் கடந்துதான் வேலைக்குப் போனான். ஒரு நாளும் நான் வெளியே வந்ததில்லை.

அந்த ஒரு வருஷமும் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. வாய்க்காலில் குளிக்கும்போது கெண்டைக் குஞ்சைப் பார்ப்பேன். ஒழுக்கில் நிற்கிற மீன் தலையை ஒழுக்கு வருகிற பக்கம்தான் வைத்திருக்கும். ஏன் என்றால் ஒழுக்கு அதன் வாலைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. வால் அந்தப் பக்கம் போனால் தலை இந்தப் பக்கம் திரும்பத்தானே செய்யும்? வாணமும் அதேதான். வேகமாக எழும்புகிறதைக் காற்று பிடிக்குமுன்னே அது மேலே போய்விடும். ஒன்பது முழம் பூவோடு பைய எழும்புகிறதைக் காற்று நிதானமாக வாலைப் பிடித்துக் கிழக்கே தள்ளி, தலையை மேற்கே திருப்பிவிடும். மருந்து எரிகிறவரை அது காற்றுக்கு எதிரேதான் ஓடும். எரிந்து தீர்ந்த பிறகுதான் குச்சி கிழக்கே போய் விழும். ஜனங்கள் விழுந்த குச்சியைப் பார்த்துவிட்டு வாணம் கிழக்கே போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொடை நாள் வந்தது. மேற்கே பந்தல். முன்வரிசையில் உன் அம்மை, வயிற்றில் நீ. கல்யாணம் கழிந்து பதினாறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. எனக்குப் பயமும் வெப்ராளமும் வந்து, கையிலிருந்த வாரிக்கட்டைப் போட்டுவிட்டேன். நேரே முதலடியிடம் போனேன்.

"அண்ணாச்சி, பந்தலைக் கிழக்கே மாத்தணும்."

"கிழக்கயா? புகை பூராவும் அங்ஙனதானடே போவும். பொம்பளைய இருமிச் சாவவா?"

"புகை கிழக்கே போவும். வாணம் மேக்கே வரும்."

ஆசான் பக்கத்தில் நின்றார். "கேட்டீயளா அண்ணாச்சி! இந்தக் காத்துல பஸ்ஸே திணறிட்டு வருகு. இவனுக்க வாணம் காத்தைக் கிழிச்சிட்டுப் போவுமாம். ஏலே வாலு, காலையிலயே கள்ளு குடிச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கெண்டை மீன் கதையைச் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். அப்படியானால் பூவை அவிழ்த்துவிட்டு விடுங்கள் என்றேன். சிரிப்பு நின்றது. "அம்மனுக்கு நேர்ந்ததை அவுக்கச் சொல்லுகியா?" என்று முதலடி கேட்டார். அதற்குமேல் அங்கே நின்றால் அடி விழும்.

நான் பந்தலுக்குப் போய் உன் அம்மையிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "ஏட்டி, எழும்பு." அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கும் முன்னால், அந்த வயிற்றோடு மைதானத்தைக் குறுக்கே நடந்து கிழக்கே போய் உட்கார்ந்தாள்.

(மக்கா, நாற்காலி இல்லை, பெஞ்சு. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். நான் கேட்காமல் எழும்பியதற்குக் காரணம், உன் அப்பா முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அம்மை.)

சரி, பெஞ்சு. பெஞ்சு போனதும் அதில் இருந்தவர்கள் போனார்கள். வாயும் வயிறுமாக இருக்கிறவள் எழும்பிப் போகிறாளே என்று மற்றவர்களும் ஒவ்வொருத்தராகப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேற்குப் பந்தல் காலி. முதலடிக்குக் கோபத்தில் துண்டு தோளில் நிற்கவில்லை. அவர் வாயைத் திறக்குமுன்னே நான் கத்தினேன்: "வாணம் கிழக்கே போனா எனக்க வாலு வேலையை இன்னையோட விடுகேன். மேக்கே வந்தா கோலப்பனுக்க மேல உள்ள பழியை எடுக்கணும். குழாயை அவனே வந்து நடட்டும். சரிஞ்சிருக்கா இல்லையான்னு நீங்களே பாருங்க."

கோலப்பன் மைதானத்துக்கு வெளியே, தென்னைமூட்டில் உட்கார்ந்திருந்தான். தொழிலில் அவன் கொத்தனார், உனக்குத் தெரியுமே. முதலடி சரி என்று கையைக் காட்ட, யாரோ ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள். வந்தான். என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தான். வீட்டுச் சுவர் எழுப்புகிறவன் எப்படிப் பிடிப்பானோ அப்படிப் பிடித்து, குழாயை நட்டு, நாலு பக்கமும் நூலை விட்டுக் காட்டினான். "அண்ணாச்சி, பாருங்க" என்றான். "போன வருஷமும் இப்பிடித்தான் நட்டேன். அப்பம் ஆரும் பாக்க வரல்ல." முதலடி குனிந்து நூலைப் பார்த்தார், ஆசானையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார். நூல் குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றது.

முதலடியின் ஒன்பது முழத்தைக் குழாயில் இறக்கினோம். கோலப்பன் தீ வைத்தான். வைத்துவிட்டு மேற்கே போகாமல் வடக்கே ஓடினான். நான் சொன்னதை நம்பியிருக்கிறான்! வாணம் முனங்கி எழும்பியது. பூச்சரம் அவிழ்ந்து கிழக்கே நீண்டது. ஒரு தென்னை உயரம்கூட இல்லை மக்கா, யாரோ மூக்கைப் பிடித்துத் திருப்பின மாதிரி தலையை மேற்கே வளைத்தது. அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு, காலிப் பந்தலின் ஓலைக்குள்ளே போய்ப் புகுந்து வெடித்தது. உன் அம்மை உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் குடம் நுழைகிற ஓட்டை. ஓலை பற்றி எரிந்தது. கொடைக்கு நிறைத்து வைத்த அண்டாத் தண்ணீரை எடுத்து ஆண்கள் அணைத்தார்கள்.

நான் அடுத்த வாணத்தை எடுத்தேன். அதே மருந்து, அதே குழல். பூவை அவிழ்த்துக் குழாய்க்குக் கட்டினேன். அம்மனுக்குப் பூவும் ஆச்சு. பூவின் ஈரம் ஏறிக் கனத்திருந்த வாலின் முனையை இரண்டு சீவு சீவினேன். விரலில் வைத்தேன். நின்றது. கோலப்பனிடம் கொடுத்தேன். அது 'விஸ்க்' என்று போனது மக்கா! முனங்கலும் இல்லை, யோசனையும் இல்லை. காற்று அதைப் பார்க்குமுன்னே அது காற்றுக்கு மேலே போய்விட்டது. ஒரு விரல்கடை மேற்கே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். உச்சியில் வெடித்த சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஜனங்கள் போட்ட கூச்சலில் கோயில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. முதலடி என் பக்கம் வந்து, "வாலு" என்றார். பிறகு என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பேர் உண்டு என்று தெரிந்தது. ஆசான் மிச்ச வாணங்களை எடுத்துப் பூவை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கோலப்பன் கேட்காமலே நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி: "போன வருஷமே எனக்குத் தெரியும். வாலுதான் காரணம்னு தெரிஞ்சுதான் கூட்டத்துல சும்மா இருந்தேன்." அவன் கையிலிருந்த தீக்கொள்ளியைக் கீழே வைத்தான். பிறகு ஒரு அறை. காது இரண்டு நாளைக்கு இரைந்தது. அறைந்த கையை நீட்டி, "அடுத்ததை எடுடே, உச்சி கழிஞ்சிரும்" என்றான். மிச்சமிருந்த அத்தனை நேர்ச்சைக்கும் அவன்தான் தீ வைத்தான். அத்தனையும் நேர். இன்றைக்கும் நம் ஊரில் பூவைக் குழாய்க்குத்தான் கட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் அது பண்டு முதலே வழக்கம் என்பார்கள். சொல்லட்டும்.

இதையெல்லாம் உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் அந்த ஒரு வருஷம். நேராகப் போன வாணத்தைச் சொன்னால் நான் குனிந்து சிம்பு பொறுக்கினதையும் சொல்ல வேண்டும். என்னைப் பெரிய ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாய் நீ, அதை விட மனசு வரவில்லை. போன வெள்ளிக்கிழமை உன் போன் வந்த பிறகு அந்த வெட்கம் போய்விட்டது. நான் ஒரு வருஷம் வாய் திறக்கப் பயந்த காரியத்தை, நீ வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாசம், சிரிக்கிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாய். எனக்கு மீன், உனக்குக் கம்ப்யூட்டர். வந்து நின்ற இடம் ஒன்று. அங்கே வடக்கேயும் சிரிப்பார்கள், அங்கேயும் ஒரு ஆசான் இருப்பார். சிரித்து முடிக்கட்டும், அதுவரை காத்திருந்துவிட்டு மறுபடியும் சொல். குழாய் சரிந்தது என்று எவன் தலையிலாவது பழியைப் போடப் பார்ப்பார்கள். உனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லு. ஒரு நாள் கழித்தால்கூட அது வேறு விஷயமாகிவிடும், எனக்கு ஆனது மாதிரி.

உன் கை பட்ட பெரிய ராக்கெட்டு எழும்புகிற நாளில் எனக்குப் போன் பண்ண வேண்டாம். நான் டிவியில் பார்த்துக்கொள்வேன், அம்மை உன்னிடம் பேசிக்கொள்வாள். முதல் போன் அந்தத் தெற்குத் தெரு வீட்டுக்குப் போகட்டும். கேட்கிற காது நல்லாத்தான் இருக்கிறது, கொஞ்சம் உரக்கப் பேசினால் போதும். "மாமா, காத்துலயும் நேரா போச்சு" என்று சொல்லு, மற்றது அவனுக்குப் புரியும். ஆசான் போயாச்சு. முதலடி போய்ப் பத்து வருஷம் இருக்கும். மருந்து இடித்த அண்ணன் முந்தியும் தம்பி பிந்தியும் போனார்கள். குழல் சுருட்டினவர் புயல் அடித்த வருஷம் போனார். அன்றைக்கு அந்தக் குழாய்ப் பக்கத்தில் நின்ற ஆட்களில், என்னைத் தள்ளினால், உயிரோடு மிச்சமிருப்பது ஒருத்தன்தான். கோலப்பன்.